புத்தளக் கடலும் கடற்பசுவும்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசரும் போரும் கோயிலும் கல்வெட்டுமே. விலங்குகள் வரலாற்று நூல்களுட் புகுவதாயின் திறைப்பொருளாகப் புகும். ஏற்றுமதிப் பண்டமாகப் புகும். வேட்டையாடினவன் பெருமைக்குச் சான்றாகப் புகும். ஓரினம் எக்காலத்தில் மிகுந்திருந்தது, எக்காலத்தில் அருகியது, எந்த ஆண்டில் இறுதியாகக் காணப்பட்டது என்னும் செய்திகளை நம் நாட்டு வரலாற்றாசிரியர் பெரும்பாலும் பொருட்படுத்திலர். அவற்றைத் தேடிப் புறப்படுவோன் ஊர்ப்பெயர்களையும் அயல்நாட்டார் எழுதிவைத்த குறிப்புக்களையும் மீனவர் நினைவையுமே துணையாகக் கொள்ளவேண்டியிருக்கின்றது.

புத்தளம் நகரை அடுத்துள்ள தில்லையடி என்னும் ஊரின் பெயரை எடுத்துக்கொள்வோம். தில்லை என்பது உப்பங்கழியோரத்தில் வளரும் ஒரு மரம். அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வை கெடும் என்று கரையோர மக்கள் அஞ்சுவர். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரை நல்கியதும் இம்மரமே. (தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடி, தென்னாபிரிக்க அறப்போரில் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர், அது வேறு, இது வேறு.) சிதம்பரத்தில் இன்று தில்லைவனத்தைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்; பிச்சாவரத்துக் கழிமுகத்துக்குச் சென்றாலன்றி அம்மரத்தைக் காண்டல் அரிது. பெயர் நிற்க, பெயருக்குரிய பொருள் அகன்றுவிடுவது புதுமையன்று. இலங்கையின் மேற்குக் கரையிலோ, மரத்தினும் பெரிதாகிய ஓருயிர், பெயர் மட்டும் எஞ்சும் நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றது. அதன் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

புத்தளக் களப்பு இலங்கைக் களப்புக்களுட் பெரியவற்றுள் ஒன்று. கற்பிட்டிக் குடாநாடு அதனை மேற்கே பெருங்கடலினின்றும் பிரித்து நிற்கும். வடக்கே ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கேயர் குடா என்னும் இரு குடாக்களின் வழியே அது மன்னார்க் கடலோடு கலக்கும். கலா ஓயாவும் மீ ஓயாவும் தம் நன்னீரை அதனுட் சொரியும். ஆழம் பெரும்பாலும் ஓரிரு மீற்றருக்கு மேற்படுவதில்லை. இத்தகைய ஆழமற்ற, அலையடங்கிய நீரிலேதான் கடற்புல் தழைக்கும். யாழ்ப்பாணக் கரையிற் சாதாளை என்று கூறித் தோட்டத்துக்கு உரமாக அள்ளிச் செல்வார்களே, அதன் இனத்தைச் சேர்ந்ததே இது. பாசியன்று; வேரும் தண்டும் பூவும் உடைய மெய்யான பூக்குந் தாவரம். இறால், நண்டு, ஓரா முதலியவற்றின் குஞ்சுகளுக்கு அது தொட்டில், ஆமைக்கு உணவு, கடற்பசுவுக்கோ அதுவே முழுமையான மேய்ச்சற்றரை.

1344ஆம் ஆண்டில் இபின் பதூதா என்னும் மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இக்கரையில் இறங்கியபோது ஆரியச்சக்கரவர்த்தி புத்தளத்தில் இருந்தார். அரசனிடம் முத்துக்கள் இருந்தமையையும், கரையிலே கறுவா மரங்கள் ஆற்றுநீரால் அடித்துவரப்பட்டுக் குவிந்து கிடந்தமையையும் அவர் எழுதியுள்ளார். கறுவாவும் முத்தும் வணிகர் கண்ணுக்குப் புலப்பட்டன. களப்பினுள்ளே மேய்ந்துகொண்டிருந்த பெருவிலங்குகளோ விலைப்பொருள் அல்லவாதலின் யாத்திரிகர் குறிப்பில் இடம்பெறவில்லை.

கடற்பசு என்பது மீனன்று. அது காற்றை மூக்கால் உயிர்த்து, குட்டியீன்று, பால் கொடுத்து வளர்க்கும் பாலூட்டி. தமிழகத்துப் பாக்குநீரிணைக் கரையினர் அதனை ஆவுளியா என்பர். இலங்கைக் கரையிற் கடற்பன்றி என்னும் வழக்கும் உண்டு. மூன்று மீற்றர் வரை நீளமும் நானூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் பெறும். உயிர்நூலார் கூற்றுப்படி, நிலத்தில் வாழும் விலங்குகளுள் அதற்கு நெருங்கிய உறவினம் யானையே. ஆண் கடற்பசுவுக்குச் சிறு தந்தங்கள் இருத்தலும் அவ்வுறவை நினைவூட்டும். வில்பத்துக் காட்டில் யானை மேய, அக்காட்டின் எல்லையைத் தொட்டுக் கிடக்கும் குடாவில் அதன் உறவினம் மேய்ந்தது என்பது எண்ணுந்தொறும் வியப்பூட்டுவது.

மேனாட்டார் இவ்விலங்கைக் கண்ட விதம் வேறு. இலங்கையைச் சூழ்ந்த கடலில் மகளிர் உருவொத்த உயிர்கள் உள என்னும் செய்தி பண்டைக் கிரேக்கர் காலத்திலேயே பரவியிருந்தது. 1560ஆம் ஆண்டில் மன்னாரில் ஆணும் பெண்ணுமாக ஏழு 'கடற்கன்னியர்' பிடிபட்டதாகவும், அவை கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் மருத்துவரால் அறுத்து ஆராயப்பட்டதாகவும், உள்ளுறுப்புக்கள் மனிதருடையவற்றை ஒத்திருந்தனவாகவும் இயேசு சபையினர் வரலாறு கூறும். (கோவை என்றது போர்த்துக்கேயரின் தலைநகராகிய கோவாவை.) இதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் அந்த மருத்துவர் கண்டதில் ஓர் உண்மை உண்டு. மார்பிலே முலையும் உள்ளே நுரையீரலும் உடைய ஒன்றை மீன் என்று தள்ளிவிட அவர் கை கூசியிருக்கின்றது. பெயரிற் பிழைத்தாரேயன்றி, அது மீனன்று என்பதில் அவர் பிழைக்கவில்லை.

இக்கட்டுக்கதைகளை விலக்கித் தெளிவான செய்தியைத் தந்தவர் இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் யேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1861இல் வெளிவந்த அவருடைய இலங்கை உயிரின நூல், கற்பிட்டிக் குடா தொடங்கி இராமர் அணை வரையுள்ள கடற்கழிகளில் இவ்விலங்குகள் பலவாகக் கூடுவதைக் குறிப்பிடுகின்றது. 1847இல் மன்னாரிற் கொல்லப்பட்டுக் கொழும்புக்கு அவரிடம் அனுப்பப்பட்ட ஒன்று ஏழடிக்கு மேல் நீண்டிருந்ததாம். கற்பிட்டியில் அதனினும் மிகப் பெரியவை அகப்பட்டனவாம். இறைச்சி கன்றிறைச்சியை ஒக்கும் என்னும் செய்தியையும் அவர் விடவில்லை. ஆக, புத்தளக் கடல் கடற்பசுவுக்குப் பேர்பெற்ற இடம் என்பதற்கும், அதனை உண்ணும் வழக்கம் வேரூன்றியிருந்தது என்பதற்கும் ஒரே நூல் சான்றாகின்றது. கன்னி என்று கண்டவர் கதை எழுதினர். பன்றி என்று கண்டவர் கறி சமைத்தனர். கணக்கெடுத்தவர் ஒருவரும் இலர்.

கணக்கெடுக்கும் வழக்கமே அக்காலத்தில் இல்லை என்று கூறவும் முடியாது. அதே கடலில் முத்துச்சிப்பிக்கு நடந்ததை நோக்குக. சிலாபத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு எதிரேயுள்ள பார்களை அரசாங்க அலுவலர் முன்கூட்டியே சோதித்து, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் வயதையும் முத்தின் விளைவையும் மதிப்பிட்ட பின்னரே குளிப்புக்கு ஆணை பிறப்பித்தனர். சிப்பி முதிராத ஆண்டுகளிற் குளிப்பு நிறுத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பேராசிரியர் ஹேட்மன் அப்பார்களை ஆராய்ந்து பல தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டார். இத்தனையும் இருந்தும், 1906இற் குத்தகைக்கு எடுத்த கம்பெனி சில ஆண்டுகளுள் நட்டமுற்றது. எனினும் இளையதை விட்டு முதிர்ந்ததைக் கொள்ளுதல் என்னும் காப்புநெறியை ஆட்சியாளர் அறிந்திருந்தனர். வருவாய் தருவதற்கு அந்நெறி. வருவாய் தராததற்கு நெறியே இல்லை.

இனி, கடற்பசுவின் மிக நெருங்கிய உறவினம் ஒன்று உலகினின்றும் மறைந்த வரலாற்றைச் சற்று விரித்துக் கூறவேண்டும். நம் கடலில் நடப்பதற்கு அது முன்னுரை போன்றது.

1741ஆம் ஆண்டின் இறுதியில், உருசிய அரசின் ஏவலால் அமெரிக்கக் கரையை ஆராயச் சென்று திரும்பிய வைற்றஸ் பேரிங் என்னும் மாலுமியின் கப்பல், கம்சாத்கா நாட்டுக்குக் கிழக்கே ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்கி உடைந்தது. பேரிங் அங்கேயே இறந்தார். அத்தீவு இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. கப்பலில் உடன்சென்ற ஸ்டெல்லர் என்னும் செருமானிய இயற்கை நூலார், கரையோரத்தில் மந்தை மந்தையாகக் கடற்பாசியை மேய்ந்த பெருவிலங்குகளைக் கண்டார். அவை எட்டு மீற்றர் வரை நீண்டவை, பல்லில்லாதவை, மரப்பட்டை போன்ற தடித்த தோலை உடையவை, மனிதரைக் கண்டு அஞ்சாதவை. ஒன்று தூண்டிலிரும்பிற் சிக்கினால் மற்றவை அதனை விடுவிக்க முயன்றமையையும், கொல்லப்பட்ட பெண்விலங்கைத் தேடி அதன் துணை இரு நாளாகக் கரைக்கு வந்தமையையும் அவர் எழுதிவைத்தார். பசியால் வாடிய மாலுமிகள் அவற்றின் இறைச்சியால் உயிர் தப்பினர். 1742இல் உடைந்த கப்பலின் பலகைகளைக் கொண்டு சிறு கலமொன்று சமைத்து ஊர் திரும்பினர்.

அவர்களைக் குறைகூறுதல் தகாது. உயிர்போகும் நிலையில் உள்ளோனுக்கு உணவு அறம். கேடு பின்னர் வந்தது. நீர்நாய்த் தோலுக்காக ஆண்டுதோறும் சென்ற வேட்டைக்காரர் இவ்விலங்குகளை வழியுணவாகக் கொண்டனர். குத்துண்டவற்றுட் பல கயிறறுத்துத் தப்பி நடுக்கடலில் இறந்தன, பயன்பட்டவை சிலவே. 1755இல் யாக்கோவ்லெவ் என்னும் சுரங்கப் பொறியியலாளர், அயலிலுள்ள செம்புத் தீவில் இவ்வினம் ஏற்கனவே அற்றுப்போனதைக் கண்டு, பேரிங் தீவிலாயினும் வேட்டையைத் தடுக்குமாறு கம்சாத்கா அதிகாரிகளை வேண்டினார். வேண்டுகோள் பயன்றரவில்லை. 1768இன் பின் அவ்விலங்கைக் கண்டவர் இலர். அறிஞர் ஒருவர் கண்டு எழுதியதற்கும் இனம் அழிந்ததற்கும் இடையே கழிந்தவை 27 ஆண்டுகளே. உயிருடன் இருந்த காலத்தில் அதனைக் கண்ட இயற்கை நூலார் ஸ்டெல்லர் ஒருவரே. அவருடைய நூலும் அவர் இறந்தபின் 1751இலேயே அச்சேறியது.

இவ்வளவு விரைவில் ஓரினம் அழியக் காரணம் வேட்டைக்காரரின் தொகையன்று. விலங்கின் இனப்பெருக்கம் மெதுவானது என்பதே காரணம். நம் கடற்பசுவும் அத்தகையதே. அது எழுபதாண்டு வரை வாழக்கூடியது; ஆனால் முதற்குட்டி ஈனப் பல ஆண்டுகள் செல்லும்; சிலவற்றுக்குப் பதினைந்தாண்டும் கடக்கும். சூற்காலம் பதின்மூன்று பதினான்கு மாதம். ஒரு முறைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழாண்டு வரை இடைவெளி. எல்லா நலனும் வாய்த்த இடத்திலும் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இவற்றின் தொகை பெருகாது என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். ஒரு குடாவில் நூறு கடற்பசுக்கள் உள்ளன எனக் கொள்வோம். ஓராண்டில் வலையிற் சிக்கி ஆறு இறப்பின், அக்குடாவின் இனம் தேயத் தொடங்கிவிட்டது. ஆறு என்பது மீனவன் ஒருவனுக்குப் பெருந்தொகையாகத் தோன்றாது. இரண்டு மாதத்துக்கு ஒன்று அகப்பட்டால் அதனை அருமை என்றே அவன் சொல்வான். ஒரு விலங்கை அருமையாகக் காண்கிறவன் தானே அதனை அழிக்கின்றான் என்று அவனுக்கு எவ்வாறு தோன்றும்?

இலங்கையின் நிலத்தில் நடந்தவையும் ஒருவாறு இதற்கு ஒப்பானவையே. கண்டியரசனிடம் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், அரசன் வளர்த்த விலங்குகளுள் எருதையொத்த கவரம் என்பதனையும் குறிக்கின்றார். அது காட்டெருமை இனம் என்பது அறிஞர் கருத்து. இந்தியாவின் மேற்குத்தொடர்ச்சி மலைகளில் இன்றும் அது வாழ்கின்றது. இலங்கையிலோ எலும்புகளும் நொக்ஸின் சில வரிகளுமே எஞ்சியுள்ளன. என்று அழிந்தது, எவ்வாறு அழிந்தது என்று கூறுவார் இலர். சிறிய உயிர்களின் கதை இன்னும் இரங்கத்தக்கது. உலகில் அற்றுப்போனவை என அறிவிக்கப்பட்ட தவளையினங்களில் ஏறத்தாழப் பாதி இலங்கைக்கே உரியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சேகரிக்கப்பட்டு மேனாட்டு அரும்பொருளகங்களிற் புட்டியில் இட்டுவைத்தவையே அவற்றுட் பலவற்றுக்குச் சான்று. மலைக்காடு கோப்பித் தோட்டமாகவும் தேயிலைத் தோட்டமாகவும் மாறியபோது தவளைக்கு யார் அழுதனர்?

யானைக்கு நேர்ந்தது வெளிப்படையானது. ரெனன்ற் தரும் கணக்கின்படி, வடமாகாணத்தின் ஒரு பகுதியில் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000. தலைக்குச் சில சிலிங் வீதம் அரசாங்கமே பரிசளித்தது. மேசர் றொஜேஸ் என்னும் அதிகாரி தம் கையால் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர். அவர் 1845இல் இடி வீழ்ந்து இறந்தார். நம் முன்னோர் இதனை வினைப்பயன் என்று சொல்லியிருப்பர். வரலாற்றாசிரியன் அவ்வாறு எழுதுதல் ஆகாது.

இப்பெருங்கொலையின் பின்னரே காப்புணர்ச்சி அரும்பியது. அதுவும் வேட்டைக்காரரிடத்தே அரும்பியது. 1894இல் நிறுவப்பட்ட வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தார், சுடுவதற்கு விலங்கு எஞ்சவேண்டும் என்னும் கவலை உடையவர்கள். நோக்கம் எதுவாயினும் பயன் நன்றாயிற்று. 1905இல் வில்பத்து காப்பிடமாக்கப்பட்டது. 1938இல் தேசிய வனமாயிற்று. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம் மறுவாண்டு நடைமுறைக்கு வந்தது. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் தோன்றியது. ஆனால் காவலரின் பார்வை வில்பத்தின் கரையோடு நின்றுவிட்டது. சட்டம் கடற்பசுவுக்குக் காப்பளித்தது 1970இலேயே. கரையில் மேய்ந்த மானுக்கு 1905. அக்கரைக்கு எதிரே நீரில் மேய்ந்த விலங்குக்கு 65 ஆண்டுகள் கழித்து.

அந்த அறுபத்தைந்தாண்டுள், சிறப்பாக அதன் பிற்பகுதியில், கடற்றொழில் மாறிவிட்டது. பருத்தி நூல் வலையும் பாய்மரத் தோணியும் இருந்த காலத்திற் கடற்பசு வலையை அறுத்துக்கொண்டு போகவும் கூடும். நைலோன் வலை வந்தபின் அது இயலாதாயிற்று. உயிர்ப்பதற்குச் சில நிமிடத்துக்கொருமுறை மேலே வரவேண்டிய விலங்கு, அடியிற் கட்டிய திருக்கைவலையிற் சிக்கினால் மூச்சுமுட்டி இறப்பது உறுதி. இயந்திரப்படகு வந்தது, வெடிமருந்து வந்தது, கடற்புற்றரையை வேரோடு வாரும் இழுவைமடி வந்தது, கண்ணுக்குத் தெரியாத தங்கூசி வலையும் வந்தது. 1980களில் புத்தளக் களப்பின் கரைகளில் இறாற் பண்ணைகள் எழுந்தன. கண்டற்காடுகள் வெட்டப்பட்டுக் குளங்களாயின. பண்ணைக் கழிவுநீர் களப்புக்குட் பாய்ந்தது. 1990களில் வெண்புள்ளி நோய் பண்ணைகளைத் தாக்கியபோது பல குளங்கள் கைவிடப்பட்டன. இறாலும் இல்லை, கண்டலும் இல்லை என்னும் வெற்றுப் பள்ளங்களை அக்கரையிற் சென்றோர் கண்டிருப்பர்.

ஈண்டு ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்கள் 70,000க்கு மேற்பட்டோருள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். தில்லையடியும் அவர்கள் முகாமிட்டுத் தங்கிய இடங்களுள் ஒன்று. மன்னார்க் கடலிலே பரம்பரையாக வலைவீசியவர் பலர், படகும் வலையும் இழந்து, வேற்றூர்க் களப்பிற் கூலிக்கு வலையிழுக்க நேர்ந்தது. ஏற்கனவே உள்ளூர் மீனவர்க்கே போதாதிருந்த களப்பில் இருமடங்கு வாய்கள் உணவு தேடின. இம்மக்களிடம் சென்று அரியவிலங்கைக் காக்குமாறு உபதேசிப்பவன், பேரிங் தீவில் உடைந்த கப்பலின் மாலுமிகளுக்கு உபதேசித்தவனைப் போன்றவன். தோல்வணிகன் வேறு, உயிர் பிழைக்க வலையிட்டவன் வேறு. விலங்குகளைக் காக்கச் சட்டம் செய்வோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். அதனாலேயே சட்டம் ஏட்டிலும் இறைச்சி மறைவிலும் வாழ்கின்றன.

கடற்பசு இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. ஆனால் அதனுடன் இதே நீரில் வாழ்ந்த வேறொன்று நம் கண்முன்னே மறைந்துவிட்டது. அது வேளா என்னும் வாள்மீன். இருபுறமும் பல்வரிசை பொருந்திய நீண்ட கொம்பை முகத்திலே தாங்கியது, திருக்கையின் உறவினம். சங்ககாலப் பரதவர் முழுநிலா நாளிற் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறும். சுறாவுக்குக் கொம்பேது என்று கேட்கும் மாணவருக்கு வேளாவைக் காட்டுவதே தக்க விடை என்பது என் கருத்து. ஈராயிரம் ஆண்டுக்கு முன் தெய்வம் உறைவதாகக் கருதப்பட்ட அக்கொம்பே அதற்குக் கூற்றாயிற்று. எந்த வலையாயினும் பற்கள் அதிற் சிக்கிக்கொள்ளும். விடுவிப்பது மீனவனுக்கு இடர். ஆதலாற் கொன்றுவிடுவதே வழக்கம். களப்பும் கழிமுகமுமே அதன் குட்டிகள் வளருமிடம். இலங்கை மீனவரை வினவி நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இந்நாட்டுக் கடலில் வேளா இனம் தன்னைத் தானே நிலைநிறுத்தும் அளவில் இல்லை என்னும் முடிவுக்கு வந்தது. முதியோர் பலர் கண்டிருந்தனர். இளைஞர் பெயரையும் அறிந்திலர். ஓரினம் கடலினின்றும் மறைந்து ஒரு தலைமுறை கழியுமுன் மொழியினின்றும் மறையத் தொடங்குகின்றது.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு உலக வரலாறு பல சான்று தரும். அவுஸ்திரேலியாவை அடுத்த தஸ்மேனியத் தீவில் வாழ்ந்த பைம்மாவின வேங்கைக்கு 1936ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள் அரசு காப்பளித்தது. அறியப்பட்ட இறுதி விலங்கு செத்தெம்பர் 7ஆம் நாள் ஹோபாட் விலங்கினச்சாலையில் இறந்தது. இடையே 59 நாட்கள். அதற்கு முன்போ, அவ்வேங்கையைக் கொன்றவருக்கு அரசே பரிசு கொடுத்துவந்தது. நம் யானைக்குக் கொடுத்ததைப் போலவே. இந்தியச் சிவிங்கிப்புலியின் அறியப்பட்ட இறுதி மூன்றும் 1947ஐ ஒட்டி ஓர் அரசரால் ஒரே இரவிற் சுடப்பட்டன. 1952இல் அவ்வினம் இந்தியாவில் அற்றதாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஆபிரிக்காவினின்றும் அதன் உறவினத்தைக் கொணர்ந்து குனோவில் விட்டனர். எத்துணைப் பொருளும் உழைப்பும் செலவிட்டாலும் வந்தது அந்நாட்டினமே, போனது போனதே.

கடற்பசுவைப் பற்றிய எச்சரிக்கை சீனத்தினின்றும் வந்தது. தென்சீனக் கடலிற் கடற்பசுவுக்கு 1988 முதலே மிக உயர்ந்த சட்டக்காப்பு உண்டு. இருந்தும் 2008க்குப் பின் அங்கு அதனைக் கண்டதாக உறுதியான செய்தி இல்லை. 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வுக்காகக் கரையோரத்து மீனவர் 788 பேரை வினவினர். கடந்த ஐந்தாண்டுள் கண்டதாகச் சொன்னவர் மூவர். அந்நாட்டுக் கடலில் இனம் செயலளவில் அற்றுப்போயிற்று என்று அறிஞர் முடிவு கூறினர். முப்பதாண்டுச் சட்டம் ஒரு விலங்கைக் காக்க முடியாமற்போனது ஏன்? சட்டம் கொல்வதைத் தடுத்தது. கடற்புல் அழிவதைத் தடுக்கவில்லை. வலையில் அகப்படுவதைத் தடுக்கவில்லை. பசுவைக் கொல்லாதே என்று ஆணையிட்டுவிட்டு மேய்ச்சற்றரையை உழுதுவிட்டால் என் பயன்?

இவ்வகையில் எதிர்க்கரையில் நடந்த சில முயற்சிகள் நோக்கத்தக்கவை. மண்டபத்துக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1959இல் ஒரு சோடி கடற்பசுக்களைத் தொட்டியில் வளர்த்து அவற்றின் இயல்பை ஆராய்ந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இவ்வினத்தை முதலட்டவணையிற் சேர்த்தது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசிய பூங்காவாயிற்று. 2022ஆம் ஆண்டு செத்தெம்பரில் தமிழக அரசு, பாக்குநீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளுக்கு அப்பாலுள்ள 448 சதுர கிலோமீற்றர்க் கடலைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. வலையில் அகப்பட்ட கடற்பசுவை உயிருடன் விடுவித்த மீனவரைப் பாராட்டிப் பணப்பரிசு வழங்கும் வழக்கமும் அங்கு ஏற்பட்டுள்ளது. கொன்றவனுக்குப் பரிசு கொடுத்த நூற்றாண்டு போய், விட்டவனுக்குப் பரிசு கொடுக்கும் நூற்றாண்டு வந்தது என்றால், இம்மாற்றம் சிறிதன்று. வலை அறுந்தால் அதன் விலை யார் கொடுப்பது என்பதே மீனவன் கேட்கும் முதற் கேள்வி. அதற்கு விடை கூறும் திட்டமே நிலைக்கும்.

இலங்கையில் 1992இற் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பார் கடற்காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. இவை நல்லனவே. ஆனால் கடற்பசு பவளப்பாரில் மேய்வதில்லை; கடற்புல்லில் மேய்வது. களப்பிலும் குடாக்களிலும் கடற்புல் எங்கெங்கு உண்டு, எங்கெங்கு அற்றது என்று ஆண்டுதோறும் வரைந்து வைப்பதே முதற் பணி. அதற்குப் பெருங்கப்பல் வேண்டாம். தோணியும் தாளும் எழுதுகோலும் போதும். புத்தளம், கற்பிட்டி, மன்னார்ப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர் இதனைச் செய்யக்கூடியவர்.

வரலாற்று மாணவர்க்கும் இதிற் பணி உண்டு. சீனத்தில் 788 மீனவரிடம் கேட்ட கேள்விகள் மிக எளியவை: எப்பொழுது கண்டீர், எங்கே கண்டீர், எத்தனை கண்டீர், உம் தந்தை என்ன சொன்னார்? புத்தளம் தொட்டு வங்காலை வரையுள்ள கரையில், நைலோன் வலைக்கு முந்திய கடலைக் கண்டோர் இன்னும் சிலர் உளர். அவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் எட்டியவர்கள். தில்லையடியிலும் அயலிலும் 1990இன் பின் குடியேறியோருட் பலர் மன்னாரின் தென்கரையூர்களிற் பிறந்தவர்கள்; தாம் இழந்த கடலைப் பற்றி ஊரிலிருப்போரினும் நுணுக்கமாக நினைவு வைத்திருப்பவர்கள். கச்சேரிக் கோவைகளில் இல்லாத செய்தி அவர்களிடம் உண்டு. அவற்றை எழுதிவைப்பது உயிர்நூலாருக்கும் பயன்படும்.

அவ்வாறு கேட்கும்போது ஆண்டையும் இடத்தையும் தெளிவாகக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கடற்பசு கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் இடையே உலவுவது. இராமர் அணையைக் கடந்து இந்தியக் கரைக்கும் செல்லக்கூடியது. கடலிலே கோடிட்ட ஒப்பந்தங்களை அது அறியாது. இரு கரையினரும் தத்தம் நீரைத் தனித்தனியே எண்ணினால், ஒன்றையே இரண்டாக எண்ணி, இருக்கின்றன என்று இரு அரசுகளும் அமைதி கொள்ளவும் கூடும்.